மதுச்சாலையும் மகளிரும்

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தைப் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இரார். நம் நாட்டுத் தோட்டப் பள்ளிகளில் அதனை நடத்தியோர்க்கு எடுத்துக்காட்டைத் தேடி அலையவேண்டிய தேவையும் இருந்ததில்லை. கள்ளுக்கடை பல தோட்டங்களில் பள்ளிக்குக் கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. அவ்வதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். குடித்து மயங்கியவனைக் கண்டு வருந்தும் தாய் அவள். குடிப்பவள் ஒருத்தியை வள்ளுவர் அங்கே காட்டவில்லை. அவருக்கு முற்பட்ட புலவர்களோ காட்டியிருக்கிறார்கள்.

அதியமான் மாய்ந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆம் பாட்டாக நிற்கிறது. கள் சிறிதே இருந்தால் அதனைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாக இருந்தால் தாம் உண்டு பாடத் தானும் உடனிருந்து மகிழ்வான் என்றும் ஔவையார் நினைந்து அழுகிறார். வகுப்பறையில் இப்பாட்டை எடுக்கும்போது நாம் நட்பை விரித்துரைத்துக் கள்ளை விரைந்து கடந்துவிடுகிறோம். பட்டினப்பாலையிலும் புகார் நகரத்து இரவுப்பொழுதில் மது மகிழும் மகளிர் உண்டு. அதே புறநானூற்றின் 56ஆம் பாட்டில் வேறொரு காட்சி. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, அரசன் நாளும் மகிழ்ந்திருக்கவேண்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிறார்.

எனவே பழந்தமிழ் இலக்கியத்தில் மதுவோடு தொடர்புடைய பெண்கள் இருவகையினர்: உடனமர்ந்து உண்பவள் ஒருத்தி, ஏந்தி ஊட்டுபவள் ஒருத்தி. பின்வந்த நூற்றாண்டுகள் முதலாமவளை எழுப்பி அனுப்பிவிட்டு, இரண்டாமவளை மட்டும் நிறுத்திக்கொண்டன. நம் பேரா மாநிலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடை முதல் ஈப்போ நகரத்துக் குளிரூட்டிய உணவகம் வரை இவ்வழக்கம் எவ்வாறு தொடர்ந்தது என்பதையும், இன்று தன் உழைப்பில் ஈட்டிய காசைக் கொடுத்து ஒரு குவளை பியர் கேட்கும் பெண்ணை அந்த உணவகம் எவ்வாறு நடத்தவேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குடியைப் போற்றுவது என் கருத்தன்று. குடியால் அழிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் அதனைப் போற்றவும் இயலாது. எனினும், பெண்ணை வாசலில் தடுத்ததனால் குடி குறைந்ததா, அவளுக்குப் பாதுகாப்பேனும் கிடைத்ததா என்று வரலாற்றைக் கேட்டால், இரண்டுக்கும் 'இல்லை' என்ற விடையே வருகிறது.

பியர் தொடக்கத்தில் ஆடவரின் பானமாக இருந்ததில்லை என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். பழைய சுமேரியர் பியருக்கு நின்காசி என்ற பெண்தெய்வத்தை வைத்து வழிபட்டனர். பாபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டத் தொகுப்பில் மதுக்கடை நடத்துவோரைப் பற்றிய விதிகள் கடைக்காரியைக் குறித்தே எழுதப்பட்டுள்ளன. அளவில் ஏமாற்றும் கடைக்காரிக்கு நீரில் எறியப்படும் தண்டனை. இடைக்கால இங்கிலாந்தில் வீட்டில் பியர் காய்ச்சி விற்றவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. இவ்வளவு தொலைவு போவானேன்? நம் நாட்டுச் சரவாக்கில், இபான் மக்களின் நீண்ட வீடுகளில் அரிசியைப் புளிக்கவைத்துத் 'துவாக்' செய்வது பெண்களின் கைத்திறன். விருந்தினர்க்கு அதனை வழங்குபவளும் அவளே, உடனிருந்து பருகுபவளும் அவளே. காய்ச்சும் தொழில் அடுக்களையை விட்டு ஆலைக்கும், விற்கும் உரிமை உரிமச்சீட்டுப் பெற்ற முதலாளிக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கடை ஆடவர்க்கு உரிய இடமாயிற்று.

மலாயாத் தோட்டங்களில் அந்த முதலாளி பெரும்பாலும் தோட்ட நிருவாகமே. தென்னங்கள் இறக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். தோட்டத்துக் கடையை நிருவாகம் நடத்தியது. அதன் ஆதாயம் தொழிலாளர் நலநிதி என்ற பெயரில் திருவிழா முதலிய செலவுகளுக்குத் திரும்பி வந்தது. தொழிலாளி குடித்த காசிலேயே அவனுக்குத் திருவிழா நடத்திக் காட்டிய இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களுக்கு வகுக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பேரட்டுக்கு வந்து நின்றவள், பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாகக் காட்டில் அலைந்தவள், வீடு திரும்பி உலை வைத்தவள் அவள். அவளுக்குக் கூலியில் 10 காசு குறைவு. ஆடவன் கள்ளுக்கடையில் விட்டுவந்தது போக மிஞ்சியதைக் கொண்டு குடும்பம் நடத்தும் பொறுப்பு மட்டும் முழுமையாக இருந்தது.

பெண்கள் குடிக்கவில்லையா? குடித்தார்கள். என் இளமையில் நான் அறிந்த தோட்டமொன்றில் கள்ளுக்கடையின் முன்புறத்தில் நீண்ட பலகைகள் போடப்பட்டிருக்கும். அவை ஆடவர்க்கு உரியவை. வயது முதிர்ந்த பாட்டிமார் சிலர் கடைக்குப் பின்னால் சுவரோரம் குந்தியிருந்து மங்கில் வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். இளம்பெண்கள் அவ்வளவும் செய்ய முடியாது. மேல்வலி தாங்காதவள் தன் பிள்ளையிடம் தூக்குச்சட்டியைக் கொடுத்தனுப்பி, லயத்து அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பாள். ஆடவன் குடித்தால் அது களைப்புக்கு. பெண் குடித்தால் அது கேடு. கடையின் முன்புறமும் பின்புறமும் சேர்ந்து இந்தப் பாடத்தைச் சிறுவர்களாகிய எங்களுக்கு ஒவ்வொரு மாலையும் நடத்தின. கடைக்குப் போய்த் தூக்குச்சட்டியில் கள் வாங்கி வந்ததும் சிறுவர்களே என்பதை யாரும் கேடாகக் கருதவில்லை.

கடையில் இடம் பெறாத அப்பெண்கள் அதன் எதிரே நின்று வரலாற்றில் இடம் பெற்றார்கள். தமிழகத்தில் 1921ஆம் ஆண்டின் கள்ளுக்கடை மறியலில் ஈரோட்டு வீதிக்கு வந்தவர்கள் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது நாகம்மையாரும் உடன் வந்தார். ஈப்போத் தமிழரும் அவர்களை வரவேற்றனர். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பார்க்கவேண்டும். கூலி உயர்வு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி என்பவற்றோடு, தொழிலாளர் குடும்பத்துப் பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும் என்பதும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரே பட்டியலில் நின்றன. படை வரவழைக்கப்பட்டது, சுடப்பட்டுத் தொழிலாளர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் நம் பேராவுக்கு வடக்கேயுள்ள கெடாவில், பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். 1947இன் தொடக்கத்தில் அப்படையினர் கள்ளுக்கடைகளை மறித்தனர். பெண்களும் திரண்டு வந்தனர். போலீசாரின் தாக்குதலில் உயிரிழப்பும் நேர்ந்தது. அப்பெண்களின் கோபம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவர்கள் எதிர்த்த கடை, வெறும் மது விற்கும் இடமன்று. கூலியைக் கொடுத்த கையே அதனைத் திரும்பப் பறித்துக்கொண்ட இடம்.

இதற்கு ஒப்பான ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்தது. அங்கு ஆப்பிரிக்கப் பெண்கள் வீட்டில் பியர் காய்ச்சி விற்றுப் பிழைத்தார்கள். 1908இன் சட்டத்தால் நகராட்சி அத்தொழிலைத் தன் ஏகபோகமாக்கி, ஆடவர் குடிக்கும் பெரிய பியர்க் கூடங்களை நடத்தி, அவ்வருவாயிலேயே ஆப்பிரிக்கர்களை அடக்கி ஆளும் செலவைப் பார்த்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சிய பெண்களைப் போலீசார் பிடித்தனர். 1959 ஜூன் மாதம் கேட்டோ மேனர்ப் பெண்கள் அக்கூடங்களுக்குள் புகுந்து கலன்களைக் கவிழ்த்தார்கள். கெடாப் பெண்கள் கடையை மூடக் கேட்டார்கள். டர்பன் பெண்கள் தங்கள் தொழிலைத் திருப்பிக் கேட்டார்கள். இருசாரார்க்கும் கடையினுள் இருக்கை இல்லை என்பது மட்டும் பொது.

இனி, தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வருவோம். ஈயச் சுரங்கத்தால் செழித்த நகரம் இது. திடலுக்கு எதிரேயுள்ள எப்.எம்.எஸ். மதுக்கூடம் 1906இல் ஹைனான் சீனரால் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தோட்டத் துரைமாரும் சுரங்கத் துரைமாரும் மாலையில் கூடிய இடம் அது. கள்ளுக்கடைக்கும் இத்தகைய கூடங்களுக்கும் செல்வத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. ஆயினும் பெண் அங்கும் வேற்றாள்தான். கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப்பின் 'லாங் பார்' நெடுங்காலம் ஆடவர்க்கு மட்டுமே திறந்திருந்ததை அறியாதார் இல்லை. வெள்ளையனைப் பார்த்துக் கற்றோமா, வீட்டிலேயே கற்றோமா என்று பிரித்தறிய முடியாத பாடம் இது.

புட்டியில் அடைத்த மது ஒன்று மட்டும் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. அதுவும் மருந்து என்ற பெயரில். கின்னஸ் நிறுவனம் 1929 முதல் இங்கிலாந்தில் தன் கறுப்புப் பியர் உடலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்தது. அதே பியர் மலாயாவில் பிள்ளை பெற்ற சீனப் பெண்களின் பத்தியத்தில் புகுந்தது. சீனரைப் பார்த்துத் தமிழர் வீடுகள் சிலவும் அதனைப் பிரசவ அறைக்குக் கொண்டுவந்தன. வேறு சில வீடுகளில் பிராந்தி. பாலூட்டும் தாய் அருந்தும் மது பாலில் கலக்கும் என்பதால் இன்றைய மருத்துவம் இவ்வழக்கத்தை ஏற்பதில்லை. ஆனால் இதிலுள்ள விந்தையைப் பாருங்கள். குடிப்பது தீது என்ற அதே மாமியார், பச்சை உடம்புக்காரிக்குத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள். விருப்பத்தோடு ஒரு வாய் குடிப்பதுதான் குற்றம். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு புட்டி குடித்தால் குற்றமில்லை!

பிறகு மலிவுச் சாராயமாகிய 'சம்சு' வந்தது. சிறு புட்டிகளில், தோட்டத்தை அடுத்த மளிகைக் கடைகளிலேயே கிடைத்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் அதனை எதிர்த்துப் போராடியது. அடைபட்ட கதவுக்குப் பின்னால் குடிப்பவர்க்கு எந்தச் சரக்கு ஏற்றது? சிறியது, கடுமையானது, மறைக்க எளியது. வெளிச்சத்தில் அமர்ந்து குடிக்க முடியாதவள் பியரை விடுத்துச் சாராயத்துக்குப் போவது இதனால்தான் என்று நான் கருதுகிறேன்.

பிற நாடுகளில் கதவு திறந்த கதை ஒரே சீராக இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பொது மதுக்கூடத்தில் பெண்களுக்கு மது கொடுப்பதைச் சட்டம் தடுத்திருந்தது. 1965 மார்ச் 31இல் மெர்ல் தோர்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரு பெண்கள் ரெகாட்டா ஓட்டலுக்குள் சென்று, மதுக்கூடத்தின் காலடிக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். சட்டம் 1970இல் திருந்தியது. இலங்கையில் 1979இன் அறிவிப்பொன்று பெண்ணுக்கு மது விற்பதையும், மது விற்கும் இடத்தில் அவள் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாள்களுக்குள் அதிபர் மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். சட்டம் எழுந்து, விழுந்து, எழுந்த அந்த வாரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கணவனின் குடியால் அடிபட்ட பெண்ணின் நிலை மட்டும் அப்படியே இருந்திருக்கும். இந்தியாவில் 2007இல் உச்சநீதிமன்றம், மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த 1914இன் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டப் பிரிவைச் செல்லாதென்றது. பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பாகாது. வேலையிடத்தைப் பாதுகாப்பானதாக்குவதே அரசின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். உண்பவளுக்கும் அது பொருந்தும்.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாத பெண்ணைத் தடுக்கும் அத்தகைய சட்டம் இல்லை. 2001இல் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு திருத்தப்பட்டு, பாலினத்தால் வேற்றுமை காட்டலாகாது என்பதும் அதில் சேர்ந்தது. மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் இருபாலார்க்கும் 21. இங்கே கதவு சட்டத்தால் அடைக்கப்படவில்லை, பார்வையால் அடைக்கப்படுகிறது. இரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபின், தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஈப்போவின் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்துவிட்டார்கள். நான் எழுத்தறிவித்தவர்களுள் தாதியர், கணக்கர், ஆசிரியைகள் உண்டு. அவர்களுள் சிலர் சம்பள நாளன்று தோழியருடன் உணவகம் சென்று, கோழிப் பிரட்டலோடு ஒரு குவளை பியரும் கேட்பார்கள். இதனை ஊரார் வந்து என்னிடம் புகாராகச் சொல்வதுண்டு. புகார் சொல்பவர் அதனை அடுத்த மேசையில் அமர்ந்து பார்த்தவராகவே இருப்பார்.

அப்பெண்கள் சொல்லக் கேட்டவற்றிலிருந்து உணவகத்தாரின் குறைகளை நான் அறிந்தேன். மேசைக்கு வந்தவுடன் "கூட யாரும் வர்றாங்களா?" என்ற கேள்வி. உடன் ஓர் ஆடவன் இருந்தால், பட்டியல் அவன் கைக்குப் போகும், கணக்குச்சீட்டும் அவன் பக்கமே வைக்கப்படும், பணம் கொடுப்பவள் அவளாக இருந்தாலும். கறுப்புப் பியரை அவள் கேட்டால், அது அவனுக்குமுன் வைக்கப்படும். அவளுக்கு ஏதேனும் இனிப்புப் பானம் வேண்டுமா என்று வினவப்படும். பெண்ணின் நாக்குக்குக் கசப்பு பிடிக்காது என்பது எந்த மருத்துவ நூலில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. சுண்டைக்காயும் பாகற்காயும் சமைத்துண்ணும் குலத்தில் இப்படியொரு நம்பிக்கை!

இவற்றினும் பெரிய குறை அளவைப் பற்றியது. நம் கடைகளில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட பெரிய புட்டியை மேசைக்கு நடுவில் வைத்துப் பகிர்ந்து குடிப்பது வழக்கம். காலியாகுமுன் குவளையை நிரப்புவது நல்ல உபசாரம் என்று பணியாளும் எண்ணுகிறான். தான் எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கே குடிப்பவர்க்குத் தெரியாமற் போகிறது. பெண்ணுடலில் நீரின் பங்கு ஆணுடலில் உள்ளதினும் குறைவு. ஆகவே ஒரே அளவு அருந்தினும் அவள் இரத்தத்தில் மது மிகுந்து நிற்கும். சிறு குவளையில் அளந்து தருவதும், கேட்டாலன்றி நிரப்பாமல் இருப்பதும், கேளாமலே தண்ணீர் வைப்பதும், வெறும் வயிற்றோடு இருப்பவர்க்கு உணவை முந்திக் கொணர்வதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். ஆடவர்க்கும் இவை நன்றே.

ஈப்போவின் பழைய கடைவீடுகள் நீளமானவை. கழிவறை கடைக்கோடியில், பின்சந்தை ஒட்டி இருக்கும். அங்கு விளக்கு எரிவதில்லை. கதவுக்குத் தாழ் இருப்பதில்லை. வழியில் குடித்த ஆடவர் நின்று புகைப்பார்கள். முன்புறத்தை ஆயிரக்கணக்கான வெள்ளி செலவிட்டு அலங்கரிக்கும் முதலாளி, ஒரு பெண் தன் உணவகத்துக்கு மறுமுறை வருவாளா என்பது அந்தப் பின்புறத்தில் முடிவாகிறது என்பதை அறிவதில்லை. கழிவறை சென்று திரும்பியவள் விட்டுச்சென்ற குவளையைத் தொட அஞ்சுகிறாள். புதிதாக ஒன்று மாற்றிக் கொடுத்தால் கடை முழுகிவிடாது.

அடுத்த மேசைக்காரன் பேச்சுக் கொடுத்துத் தொல்லை செய்யும்போது, "நீங்க அந்த மேசைக்கு மாறிக்கங்க" என்று பெண்ணை எழுப்பும் வழக்கம் ஒழியவேண்டும். எழவேண்டியவன் அவன். மேசைதோறும் பியர் விற்க நிறுத்தப்படும் விற்பனைப் பெண்களுக்கும் இது பொருந்தும். நக்கீரர் காலத்துப் பொற்கலம் ஏந்தியவளின் வழித்தோன்றலாகிய அவளைக் கையைப் பிடித்து இழுப்பது, வாங்கும் புட்டியின் விலையில் சேர்ந்தது என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். பாலியல் தொல்லைக்கு எதிரான 2022இன் சட்டம் அவ்வாறு எண்ணவில்லை.

பெண்களுக்குத் தனியறை கட்டினால் என்ன என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. கனடாவில் பியர்க் கூடங்களில் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது: மகளிர்க்கும் அவரை அழைத்து வருவோர்க்கும் தனி வாசல், தனிக்கூடம். கள்ளுக்கடையின் பின்சுவருக்குக் கூரை போட்டது போன்ற ஏற்பாடு அது, எனக்கு உடன்பாடில்லை. 'பெண்கள் இரவு' என்று அறிவித்து இலவசமாக ஊற்றிக் கொடுப்பதும் வேண்டாம். தூண்டிலில் புழு மாட்டுபவன் புழுவுக்கு விருந்து வைப்பதில்லை. அங்கு பெண்ணுக்கு மது இலவசம். பெண்ணைக் காண வரும் ஆடவனிடம் காசு.

வீடு திரும்பும் வழியும் உணவகத்தின் பொறுப்பில் ஒரு பகுதியே. 2020 அக்டோபர் முதல் நம் நாட்டில் வாகனமோட்டியின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மதுவின் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைந்துவிட்டது. புந்தோங்குக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ போகவேண்டியவளுக்கு வாடகைக் கார் அழைத்து, அது வரும்வரை உள்ளே அமரவைப்பது பெரிய உபகாரமன்று. கடை அடைக்கும் நேரம் வந்துவிட்டதென்று ஐந்தடியில் வெளியே நிறுத்துவதுதான் பெரிய அபகாரம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஐந்தாம் படிவம் முடித்த நம் பையன்கள் பலர் முதலில் சேர்வது உணவக வேலையில்தான். சேர்ந்த நாளன்று தட்டேந்தவும், மேசை துடைக்கவும், புட்டி திறக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கணக்குச்சீட்டை மேசையின் எந்தப் பக்கம் வைப்பது, மதுவைக் கேட்டவர் முன்னாலேயே வைப்பது, தொல்லை செய்பவனிடம் போய்ப் பேசுவது ஆகியவற்றை எவரும் சொல்வதில்லை. விடைபெற வரும் மாணவனிடம் இனி நான் அவற்றையும் சொல்லியனுப்ப எண்ணியிருக்கிறேன். புறநானூற்றின் 235ஆம் பாட்டை அடுத்த வகுப்புக்கு நடத்தும்போது, கள்ளைக் கடந்து செல்லாமல் நடத்தவும்.